இரண்டாம் கிண்ணம்

ஒரு நிமிடத்துக்கு ஒன்பது மூச்சு. மேபல் டீச்சர் சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள்ளைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் எண்ணினாள், மறுபடியும் ஒன்பதுதான். பத்து மணிக்கு ஆலய மணி அடித்தபோது பதினொன்றாக இருந்தது. ஆனால் அது முக்காலிக்கு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டே எண்ணியது. பாளையங்கோட்டையில் முப்பத்தாறு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவள் அதை எண்ணிக்கை என்று ஒப்புக்கொள்ள மாட்டாள். இப்போது பத்தேகால். பதினொரு மணிக்குத் தவராஜ் ஐயர் அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு வருவார். ஆலயத்துக்கு வர இயலாத முதியவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குருவானவர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திருவிருந்து அது. அதற்காகத்தான் அம்மாவின் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டிருந்தாள், அதற்காகத்தான் ஊதுவத்தி வாசனை இல்லாத சோப்பால் தரையைத் துடைத்திருந்தாள், அதற்காகத்தான் மாத்திரையும். டாக்டர் சொன்னது பாதி மாத்திரை, அதுவும் படுக்கப்போகும்போது. பாதிக்கு மேல் போகக் கூடாது, எண்பத்தெட்டு வயதுக்கு மூச்சு மெதுவாகிவிடும் என்று அவர் பேனாவின் பின்பக்கத்தால் மேசையைத் தட்டிச் சொன்னார். அவள் பாதியைக் காலை எட்டு மணிக்குக் கொடுத்தாள், கேப்பைக் கஞ்சியில் நசுக்கிப் போட்டு. அது வரைக்கும் தெளிவாக இருக்கிறது, அது வரைக்கும் அவளால் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியும். தாயின் வாய் சற்றே திறந்து கிடந்தது. கீழுதட்டின் ஓரத்தில் கஞ்சி காய்ந்து ஒரு கோடாக ஒட்டியிருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்று நினைத்தாள், எழுந்திருக்கவில்லை.

எழுந்தால் சமையலறைக்குப் போகவேண்டிவரும், சமையலறையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. ஏற்கெனவே மூன்று தடவை போய்ப் பார்த்தாயிற்று. தொட்டிக்குள் இரண்டு எவர்சில்வர் கிண்ணம், இரண்டு கரண்டி. முதல் கிண்ணத்துக் கஞ்சியில் பாதிக்குமேல் அம்மா துப்பிவிட்டாள், அதனால் எட்டரைக்கு இரண்டாவது முறை கரைத்தாள். ஆக இரண்டு கிண்ணம் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆச்சரியம் பிஸ்கெட் டப்பாவின் மூடியில் இருந்தது, அல்லது இல்லாமல் இருந்தது. பிளேடால் மாத்திரையை இரண்டாக வெட்டினாள். ஒரு பாதி கரண்டிக்கு, மறுபாதி டப்பா மூடியில், தினமும் அப்படித்தான். மூடியில் மறுபாதி இல்லை. எறும்பு இழுத்திருக்கும். எறும்பு மாத்திரை இழுக்குமா. கீழே விழுந்திருக்கும். தரையைத் துடைத்தபோது துணியோடு போயிருக்கும், சாக்கடைக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். ஆனால் கைக்கு வேறொரு நினைவு இருந்தது. துப்பிய கஞ்சியைத் துடைத்துவிட்டு, முதல் பாதி வீணாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு, கரண்டியின் முதுகில் பெருவிரலை வைத்து அழுத்திய நினைவு. அந்த அழுத்தம் முதல் கிண்ணத்துக்கு உரியதா இரண்டாம் கிண்ணத்துக்கு உரியதா? ஒரு மாத்திரை நொறுங்கும் சத்தம் ஒரு தடவை கேட்டதா இரண்டு தடவை கேட்டதா? துப்பியதில் மருந்து எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு? ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் இப்படியொரு கணக்குக் கொடுத்திருந்தால், விவரம் போதாது டீச்சர் என்று எழுதிவைத்துவிட்டு அவர்கள் அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்கள். அடுத்த கணக்கு என்று எதுவும் இங்கே இல்லை. ஒன்பது. இல்லை, எட்டு, கடைசி மூச்சு சிவப்பு முள் பன்னிரண்டைக் கடந்தபிறகுதான் வந்தது.

அம்மா துப்பியது சும்மா இல்லை. திருவிருந்து எடுக்கும் நாளில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருப்பது ஞானப்பூ அம்மாளின் எழுபது வருட வைராக்கியம். பிரசவித்துப் பதினைந்தாம் நாள் ஆலயத்துக்குப் போனபோதும் அப்படித்தான் போனாளாம், வழியில் மயங்கி விழுந்து, எழுந்து, மறுபடியும் நடந்தாளாம். பெற்ற மகளின் முகம் மறந்துபோன மூளையில், சோறும் கழிப்பறையும் மறந்துபோன மூளையில், அந்த ஒன்று மட்டும் ஆணி அடித்தாற்போல நின்றது. காலையில் கரண்டியைக் கிட்டே கொண்டுபோனபோது உதட்டை இறுக மூடிக்கொண்டு, “இன்னைக்கு ஐயர் வாராவல்லா. நான் சாப்பிட மாட்டேன்” என்றாள். நேற்று யாரோ சொன்னது காதில் விழுந்திருக்கிறது. மூன்று தடவை கெஞ்சியும் கேட்கவில்லை. முதல் கிண்ணம் முகவாய் வழியே வெள்ளைத் துண்டில் வடிந்து போயிற்று. அப்போதுதான் மேபல் டீச்சர், குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல், “ஐயர் நாளைக்குத்தான் வாராவ அம்மா. இன்னைக்கு வெள்ளிக்கிழமை” என்றாள். இன்று சனிக்கிழமை. கிழவி அவளுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “மெய்யா?” என்று கேட்டாள். “மெய்தான்.” உடனே வாயைத் திறந்தாள், குருவிக்குஞ்சு திறப்பதுபோல, சந்தேகமே இல்லாமல். இரண்டாம் கிண்ணம் முழுவதும் உள்ளே போனது அப்படித்தான். கடைசிக் கரண்டியில் முகத்தைச் சுளித்து, “கசக்கு” என்றாள். கசக்கு. இந்தச் சொல்லை அவள் இதுவரை நினைக்கவில்லை, இப்போதுதான் அது மேலே வந்தது. கேப்பையும் கருப்பட்டியும் கசக்காது. கசந்தது என்றால் இரண்டாம் கிண்ணத்திலும் ஏதோ இருந்திருக்கிறது. ஆனால் கரண்டியைக் கழுவாமல் அதையே எடுத்திருந்தால் முதல் கிண்ணத்துக் கசப்பு ஒட்டியிருக்கலாம். தொட்டியில் இரண்டு கரண்டி கிடந்தன. இரண்டாவது கரண்டி அவள் காப்பிக்கு எடுத்ததாக இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம். அவள் காப்பிக்குச் சீனி போடுவதை நிறுத்தி ஆறு வருடம் ஆயிற்று, கரண்டி எதற்கு?

எல்லாவற்றுக்கும் காரணம் மரியாதை என்றுதான் தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தாள். சென்றமுறை அம்மா பாத்திரத்தைத் தட்டிவிட்டாள், ரசம் ஐயருடைய வெள்ளை அங்கியில் சிந்திற்று. அது மறுபடியும் நடக்கக் கூடாது, பரிசுத்தமான ஒன்று தரையில் சிந்தக் கூடாது, அதனால் மாத்திரை. நன்றாகத்தான் இருந்தது அந்தக் காரணம், இஸ்திரி போட்ட துணிபோல மடிப்புக் கலையாமல் இருந்தது. ஆனால் சென்றமுறை சிந்தியது ரசம் மட்டுமல்ல. அம்மா ஐயருடைய கையைப் பிடித்துக்கொண்டு, தெளிந்த குரலில், “இந்தப் பொம்பள என்னைய அடிக்கா ஐயா” என்றாள். தவராஜ் ஐயர் சிரித்தார். “வயசானா அப்படித்தான் டீச்சர். எங்க அப்பா நான் அவர் மாத்திரையெல்லாம் திருடித் திங்கேம்னு சபையில சாட்சியே சொல்லிட்டாவ.” எல்லாரும் சிரித்தார்கள், கூட வந்திருந்த பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் எப்சிபா மட்டும் சிரிக்கவில்லை. எப்சிபா அம்மாவின் கன்னத்தைப் பார்த்தாள், பிறகு மேபல் டீச்சரின் கையைப் பார்த்தாள். கன்னத்தில் ஒன்றும் இல்லை, அது நடந்து அப்போது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரே ஒரு முறை. குளியலறையில், சோப்புக் கையோடு. அம்மா மூன்றாம் முறையாகக் கொதிநீர்ச் செம்பைத் தட்டிவிட்டபோது கை தானாக எழும்பிற்று. ஈரக் கன்னத்தில் விழுந்த சத்தம், மேசையில் டஸ்டரைத் தட்டும் சத்தம் போலவே இருந்தது, அதுதான் அவளை நடுங்கவைத்தது, எவ்வளவு பழகிய சத்தமாக இருந்தது என்பது. அம்மா அழவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, வேற்று ஆளிடம் பேசும் அமைதியோடு, “மேபல் பள்ளிக்கூடத்துல இருந்து வரட்டும். எல்லாத்தையும் அவட்ட சொல்லுதேன்” என்றாள். அன்று சாயங்காலம் வேறு சேலை உடுத்திக்கொண்டு அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தபோது சொல்லவும் செய்தாள். “ஒருத்தி இருக்கா மேபல். என்னைய அடிக்கா. நீ அவள அனுப்பிரு.” சரி அம்மா, அனுப்பிருதேன் என்று சொன்னாள். அவளை இன்னும் அனுப்பவில்லை, அவள் இதோ நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு எண்ணிக்கொண்டிருக்கிறாள். எட்டு.

பின்பக்கத்து மதிலுக்கு அப்பால் துணி உதறும் சத்தம் கேட்டது. கெத்சியாள் சிஸ்டர். மிஷன் ஆஸ்பத்திரியில் நாற்பது வருடம் நர்சாக இருந்து ஓய்வுபெற்றவள்; நாடி பார்க்கத் தெரியும், கண்ணை விரித்துப் பார்த்து இது தூக்கமா வேறா என்று சொல்லத் தெரியும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று தெரியும். இருபது அடி தூரம். மேபல் டீச்சர் எழுந்து பின்வாசலுக்குப் போனாள். சொல்லத்தான் போனாள், அதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. மதிலுக்கு மேலே நரைத்த தலை தெரிந்தது.

“என்ன டீச்சர், உங்க அம்மைக்க சத்தத்தையே காணோம்? நாலு வீட்டுக்கு எழுப்புமணி அடிப்பாவளே.”

“தூங்குதாவ சிஸ்டர்.”

“இந்த நேரத்துலயா? நேத்து ராத்திரி ஒங்களத் தூங்கவிட்டாவளா இல்லையா?”

“தூங்கினாவ.”

“ராத்திரியும் தூங்கி இப்பமும் தூங்குதாவளா?” சிஸ்டர் உதறிய சேலையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். “சாப்பிட்டாவளா?”

“ஐயர் வாராவல்லா. திருவிருந்து நாள்ல எங்க அம்மா என்னைக்குச் சாப்பிட்டுருக்காவ?”

“அதுஞ் செரிதான். எனக்கு அந்த வைராக்கியமெல்லாம் கிடையாது, நான் நாலு இட்லி தின்னுட்டுத்தான் ஆலயத்துக்கே போவேன்.” சிஸ்டர் சிரித்தாள். “அடுத்த ஞாயிறு ஒங்களுக்குப் பொன்னாடையாமே, அன்னையர் ஞாயிறுக்கு? எப்சிபா சொன்னா. பட்டுத்தான் உடுத்தணும், அந்தச் சாம்பல் கலர் நூல்சேலைய உடுத்திட்டு வந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன், பாத்துக்கிடுங்க.”

அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள். ஏன் தாழிட்டோம் என்று தாழில் கை இருக்கும்போதே நினைத்தாள். மூன்று கேள்விக்கு மூன்று பொய், அல்லது இரண்டு பொய்யும் ஒரு கேள்வியும். அம்மாவின் உபவாசத்தையே எடுத்துக் கேடயமாகப் பிடித்தாயிற்று. கட்டிலுக்கு வந்து, குனிந்து, “அம்மா” என்றாள். காதருகே சற்று உரக்க, “அம்மா, மேபல் வந்திருக்கேன்” என்றாள். இமை அசையவில்லை. கையைத் தூக்கினாள், அது சேலை மாற்றியபோது இருந்ததைவிடக் கனமாக இருந்தது. அந்தச் சேலையைப் பற்றி நினைக்கக் கூடாது என்றிருந்தாள். திருவிருந்துக்கு அம்மா வெள்ளைச் சேலைதான் உடுத்துவாள், கரையில்லாத முழு வெள்ளை. விழித்திருக்கும்போது அதை எடுத்தால் ஐயர் வரும் நாள் இன்றுதான் என்று தெரிந்துவிடும், அதனால் பீரோவிலேயே மறைத்துவைத்து, கண் செருகியபிறகு ஒன்பது மணிக்கு உடுத்திவிட்டாள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் புரட்டி, கையை வளைத்து ரவிக்கைக்குள் நுழைத்து, கொசுவத்தைச் செருகி. ஒரு தடவைகூட முனகவில்லை. புரட்டியபோது இதே வேலையை வேறு யாருக்கோ செய்த ஞாபகம் வந்தது, தண்ணீர்போல் குளிர்ந்த ஒரு ஞாபகம். பெரியம்மாளுக்கு, பெட்டியில் வைப்பதற்கு முன். அவளுக்கும் திருவிருந்துச் சேலையைத்தான் உடுத்தினார்கள். எல்லாருக்கும் அதுதான் வழக்கம். வெள்ளையாக வாங்கி, வெள்ளையாக உடுத்தி, அதிலேயே போய்விடுவது. இப்போது ஒன்றும் புதிதாகச் செய்யவேண்டியதில்லை, எல்லாம் தயாராக இருக்கிறது என்று தோன்றியது. தோன்றியது யாருக்கு? மேபலுக்கா, அனுப்பப்படாதவளுக்கா? அவள் சட்டென்று தாயின் கையைக் கீழே வைத்தாள். அது வைத்த இடத்திலேயே கிடந்தது.

ஓய்வுநாள் பள்ளியில் பத்துக் கற்பனைகளை, கர்த்தர் கொடுத்த பத்துக் கட்டளைகளை, அவள் விரல்விட்டுத்தான் சொல்லிக்கொடுப்பாள். சுண்டுவிரலில் தொடங்கினால் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுகிற ஐந்தாவது பெருவிரலில் வந்து விழும். பெருவிரல் இல்லாவிட்டால் மற்ற நான்கும் எதையும் பிடிக்க முடியாது, அதனால்தான் கர்த்தர் அதை அங்கே வைத்தார் என்று சொல்வாள், பிள்ளைகள் பெருவிரலை மடக்கிவைத்துக்கொண்டு பென்சிலை எடுத்துப் பார்த்துச் சிரிப்பார்கள். இருபத்தெட்டு வருடம் சொல்லியிருக்கிறாள். ஆறாவதற்கு அடுத்த கையை நீட்ட வேண்டும், ஆறாவது கொலை. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் கை மாறுகிறது என்பதை இதுவரை கவனித்ததில்லை. பெருவிரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் ஏதோ வெள்ளையாக இருந்தது. தரை துடைத்த சோப்பாக இருக்கலாம். நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், கசந்தால் மாத்திரை. வைத்துப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்தபிறகுதான், தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியையும் துடைத்துவிட்டது தெரிந்தது. கோயம்புத்தூரிலிருந்து தம்பி ஹென்றி ஞாயிறுதோறும் போனில், “நீ கனம்பண்ணுதக்கா, ஆசீர்வாதம் எங்களுக்கும் சேத்து வருது” என்பான். நாட்கள் நீடிக்கும் என்பது அந்த ஆசீர்வாதம். யாருடைய நாட்கள்? அவளுக்கு அறுபத்திரண்டு. இப்போதே நீண்டுதான் கிடக்கின்றன. ஏழு மூச்சு. பத்து ஐம்பது. இப்போது சிஸ்டரைக் கூப்பிட்டால் அம்மா பிழைக்கக் கூடும். கூப்பிட்டால் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பாள், எவ்வளவு என்று கேட்பாள், எதற்கு என்று கேட்பாள். முதல் இரண்டுக்கும் ஏதோவொரு பதில் சொல்லிவிடலாம். எதற்கு என்றால், வாயை மூட. ஐயர் முன்னால், எப்சிபா முன்னால், அடிக்கா என்ற ஒற்றைச் சொல்லை அது மறுபடியும் சொல்லாமல் இருக்க. கூப்பிடாவிட்டால் எண்பத்தெட்டு வயதுத் தாய் திருவிருந்து நாளில் வெள்ளைச் சேலையில் மகளின் பக்கத்தில் உறக்கத்திலேயே போய்விட்டாள் என்று ஊர் சொல்லும், எவ்வளவு பாக்கியம் என்று சொல்லும். பொன்னாடையை அடுத்த ஞாயிறு அழுதுகொண்டே போர்த்துவார்கள்.

ஆலய மணி பதினொன்று அடித்து முடிவதற்குள் வாசலில் வண்டி நின்றது. தவராஜ் ஐயர் கறுப்புப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார், பின்னால் எப்சிபா பாட்டுப்புத்தகத்தோடு வந்தாள். மேபல் டீச்சர் நடைக்கல்லில் நின்று கை குவித்தாள். ஐயர் செருப்பைக் கழற்றும்போதே, “அடுத்த ஞாயிறு பிரசங்கமே ஒங்களப் பத்தித்தான் டீச்சர். ஐந்தாம் கற்பனைக்கு நான் வேற உதாரணம் தேடவேண்டாம்லா?” என்றார். அவள் வாயைத் திறந்தாள். சொல்வதற்கு இருந்தவற்றுள் ஆகச் சிறியதுதான் முதலில் வந்தது.

“ஐயா, அம்மா சாப்பிட்டுட்டாவ. நீங்க நாளைக்கு வாரீகன்னு பொய் சொல்லித்தான் கொடுத்தேன்.”

“இதுக்கா முகம் இப்படி இருக்கு? நோயாளிக்கு உபவாசம் எதுக்கு டீச்சர்? ஆண்டவர் அதையெல்லாம் பாக்கமாட்டார், வாங்க” என்று அவர் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சிறியதற்குக் கிடைத்த மன்னிப்பு பெரியதன் மேல் மூடிபோல விழுந்தது. அவள் பின்னாலேயே போனாள். ஐயர் முக்காலியில் சின்னப் பாத்திரத்தையும் தட்டையும் வைத்து, ஜெபத்தைச் சுருக்கி, அப்பத்தை ரசத்தில் தோய்த்து, குனிந்து, “அம்மா, வாயத் திறங்க” என்றார். காத்திருந்தார். உதட்டில் வைத்தார். ரசம் முகவாய் வழியே இறங்கி, காய்ந்த கஞ்சிக் கோட்டின் மேலேயே ஓடி, வெள்ளைச் சேலையின் கழுத்தோரத்தில் சிவப்பாக ஊறிற்று. ஐயர் அப்பத்தை எடுத்துவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “டீச்சர், அம்மா புறப்பட்டுட்டாவன்னு நினைக்கேன். எவ்வளவு சமாதானமா இருக்காவ பாருங்க. முழங்கால் போடுவோம், ஆத்துமாவ ஒப்புக்கொடுத்து ஜெபிப்போம்” என்றார்.

ஐயர் முழங்காற்படியிட்டார். எப்சிபா முழங்காற்படியிட்டாள், ஆனால் கண்ணை மூடவில்லை. அவள் சிவப்புக் கறையைப் பார்க்கவில்லை, மேபல் டீச்சரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலை மடக்கினால் போதும். வேறொன்றும் செய்யவேண்டியதில்லை, சொல்லவேண்டியதில்லை, ஆமென் என்று ஒரு சொல், அதற்குமேல் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள், இரண்டு கிண்ணத்தையும் கழுவிக் கவிழ்த்துவிடலாம். ஐயருடைய குரல் எழும்பிற்று, இந்தத் தாயை இத்தனை வருடம் கனம்பண்ணிய மகளுக்காக ஸ்தோத்திரம் என்றது. ஜெபத்துக்கு அடியில் மேபல் டீச்சர் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருவதற்குள் சிவப்பு முள் இரண்டு எண்களைத் தாண்டியது. மூச்சு இருக்கிறது. இருக்கும் மூச்சின் மேல்தான் ஒப்புக்கொடுக்கிறார்கள். மெய்யா என்று கேட்டுவிட்டுத் திறந்த வாய் அங்கே அப்படியே திறந்து கிடந்தது, இன்னும் அவள் சொன்னதை நம்பிக்கொண்டு.

அவள் முழங்கால் போடவில்லை.

“ஐயா, ஜெபத்த நிறுத்துங்க” என்றாள். வகுப்பறையில் கடைசிப் பெஞ்சுவரை கேட்கிற குரல் அது. ஐயர் கண்ணைத் திறந்தார். “எப்சிபா, பின்வாசல் தாழ நீக்கிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் கெத்சியாள் சிஸ்டரக் கூப்பிடு. தூக்க மாத்திரை, பாதிதான் கொடுக்கணும், நான் முழுசாக் கொடுத்துட்டேன்னு நினைக்கேன், காலையில எட்டரைக்குன்னு சொல்லு. டப்பா அடுப்பங்கரையில இருக்கு, கிண்ணம் ரெண்டும் தொட்டிக்குள்ள கிடக்கு, கழுவல.” எப்சிபா எழுந்துவிட்டாள், ஆனால் நகரவில்லை.

“எதுக்கு டீச்சர் கொடுத்திய?”

“போன தடவ அம்மா சொன்னது மெய். அத இன்னைக்குச் சொல்லக் கூடாதுன்னு கொடுத்தேன். போ.”

எப்சிபா ஓடினாள். தாழ் விலகும் சத்தம் கேட்டது, சிஸ்டர், சிஸ்டர் என்ற குரல் கேட்டது, மதிலுக்கு அப்பால் வாளி ஒன்று உருண்டது. ஐயர் முழங்காலிலிருந்து எழுந்திருக்காமல், இன்னும் கையில் இருந்த ஈர அப்பத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, தாயின் தலையை மடிமீது தூக்கி வைத்து, முகவாயை மேல்நோக்கிப் பிடித்தாள், பெருவிரலால். ஒன்று என்றாள். கடிகாரத்தில் சிவப்பு முள் ஆறைத் தாண்டிற்று, ஏழைத் தாண்டிற்று, எட்டைத் தாண்டிற்று. அவள் இரண்டு என்று சொல்வதற்கு வாயைத் திறந்தபடியே காத்திருந்தாள்.